வயாகரா வந்த கதை: நெஞ்சுவலி மாத்திரையோடு அது ஏன் சேரவே கூடாது?

1/ நெஞ்சுவலின்னு ஒரு ஆண் கேஷுவாலிட்டிக்கு வந்தா, நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்கிறதுக்கு முன்னாடி கேட்டாக வேண்டிய ஒரு கேள்வி இருக்கு: "கடந்த ரெண்டு நாள்ல வயாகரா மாதிரி மாத்திரை ஏதாவது போட்டீங்களா?" பக்கத்தில் மனைவி, மகன், மச்சான் எல்லாரும் நிற்பாங்க. "சேச்சே, அதெல்லாம் இல்ல டாக்டர்" என்பதுதான் சுலபமான பதில்.

2/ அந்தப் பதில் பொய்யாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. ஏன்னு புரிய, இந்த மாத்திரை எங்கிருந்து வந்ததுன்னு தெரியணும். கதை ஒரு வெடிமருந்தில் தொடங்குது. கொஞ்சம் நீளமான இழைதான், பொறுமையா படிங்க.

3/ 1847. இத்தாலியின் டூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ என்ற வேதியியலாளர் நைட்ரோகிளிசரின் என்ற எண்ணெய் போன்ற திரவத்தை உருவாக்கினார். லேசாகத் தட்டினாலே வெடிக்கும். அதைத் துளியூண்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். தலை பிளக்கிற மாதிரி வலி. அதையும் குறித்து வைத்தார்.

4/ இந்தத் திரவத்தை ஒருவகை மண்ணோடு கலந்து, கையாள்வதற்குப் பாதுகாப்பாக மாற்றியவர் ஆல்ஃபிரட் நோபல். 1867ல் டைனமைட் என்று காப்புரிமை வாங்கினார். டைனமைட் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்குத் திங்கட்கிழமை வேலைக்குப் போனால் தலைவலி. வாரக்கடைசியில் சரியாகும். அடுத்த திங்கள் மறுபடி வலி. காற்றில் கலந்த நைட்ரோகிளிசரின் உடம்புக்குள் போய் ரத்தக்குழாய்களை விரித்துவிட்டதுதான் காரணம்.

5/ அதே 1867ல் லாடர் பிரண்டன் என்ற பிரிட்டன் மருத்துவர், அமைல் நைட்ரைட்டை முகரவைத்தால் இதயவலி குறைவதை எழுதினார். 1879ல் வில்லியம் முரெல், நைட்ரோகிளிசரினையே நெஞ்சுவலி மருந்தாகப் பயன்படுத்தியதைப் பதிவு செய்தார். பாறையைப் பிளந்த சரக்கு, மருந்துக்கடைக்கு வந்துவிட்டது.

6/ நோபலுக்கே கடைசிக் காலத்தில் இதயநோய். மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தது நைட்ரோகிளிசரின்! ஜனங்க பயந்துடக்கூடாதுன்னு அதற்கு டிரைநைட்ரின்னு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள் என்று 1896ல் ஒரு கடிதத்தில் கிண்டலாகக் குறிப்பிட்டார். அந்த வருடக் கடைசியில் இறந்துபோனார்.

7/ இன்று நம்ம வீடுகளில் இருக்கிற சார்பிட்ரேட், அதாவது ஐசோசார்பைட் டைநைட்ரேட், இதே நைட்ரேட் குடும்பம்தான். இவ்வளவு காலம் பயன்படுத்தியும், இது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு நூற்றாண்டுக்கு யாருக்கும் தெரியாது.

8/ 1977ல் ஃபெரிட் முராட், நைட்ரோகிளிசரின் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளியிட்டு ரத்தக்குழாயைத் தளர்த்துகிறது என்று காட்டினார். 1980ல் ராபர்ட் ஃபர்ச்காட், ரத்தக்குழாயின் உள்சுவரே குழாயைத் தளர்த்தும் ஒரு பொருளைச் சுரக்கிறது என்று கண்டார். அதுவும் நைட்ரிக் ஆக்சைடுதான் என்று 1986ல் ஃபர்ச்காட்டும் லூயிஸ் இக்னாரோவும் தனித்தனியாகச் சொன்னார்கள்.

9/ இதை நம்ம ஊர் ஏரி மதகை வைத்துப் புரிஞ்சுக்கலாம். நைட்ரிக் ஆக்சைடு "மதகைத் திற"ன்னு சொல்லிக்கொண்டு வருகிற ஆள். மதகைத் திறந்து பிடிப்பது சைக்ளிக் ஜி.எம்.பி. என்ற பொருள். வேலை முடிந்ததும் வந்து மூடுகிற ஆள் பி.டி.இ.5 என்ற என்சைம். திறக்க ஒருத்தர், மூட ஒருத்தர். இதை மனசில் வச்சுக்குங்க.

10/ 1980களில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் சாண்ட்விச் என்ற ஊரில் இருந்த ஃபைசர் ஆய்வகத்தில் ஒரு யோசனை: "மூடுகிற ஆளைப் பிடித்துக் கட்டிப்போட்டால்?" ரத்தக்குழாய் விரியும், ரத்த அழுத்தத்துக்கும் நெஞ்சுவலிக்கும் மருந்து கிடைக்கும். அப்படி 1989ல் உருவானதுதான் யூ.கே.92480. பிற்காலப் பெயர் சில்டெனாஃபில்.

11/ நெஞ்சுவலி மருந்தாக அது சுமார்தான். பாதி மருந்து நாலு மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போய்விடும் என்பதால் தினம் மூணு வேளை போடணும். நைட்ரேட்டோடு சேர்ந்தால் பிரஷரை இன்னும் இறக்கியது. நெஞ்சுவலிக்காரர்களில் பலர் நைட்ரேட் எடுப்பவர்கள் என்றால், இந்த மருந்தை யாருக்குக் கொடுப்பது?

12/ கவனிச்சீங்களா? இரண்டும் சேரக்கூடாது என்பது பிறகு தெரிந்த பக்கவிளைவு இல்லை. பிறக்கும்போதே தெரிந்த விஷயம்.

13/ 1990களின் தொடக்கத்தில் வேல்ஸ் நாட்டின் மெர்த்தர் டிட்ஃபில் ஊரில் நடந்த சோதனையில் சில நாட்கள் தொடர்ந்து மருந்து எடுத்த தன்னார்வலர்கள் தலைவலி, அஜீரணம், தசைவலியோடு இன்னொன்றையும் சொன்னார்கள்: விறைப்பு. சாதாரணமாக இருந்தால் பட்டியலில் ஒரு வரியாகப் போயிருக்கும். ஆனால் அதே காலத்தில், ஆணுறுப்பின் ரத்தக்குழாய்களைத் தளர்த்துவதும் நைட்ரிக் ஆக்சைடுதான் என்று 1992ல் இக்னாரோவும் ஜேக்கப் ரஜ்ஃபரும் அடங்கிய குழு வெளியிட்டது. அங்கேயும் அதே மதகு!

14/ அதுவரைக்கும் இந்தப் பிரச்சினைக்கு என்ன வைத்தியம் இருந்தது? 1889ல் பிரவுன் செக்வார்ட் என்ற புகழ்பெற்ற விஞ்ஞானி, 72 வயதில், விலங்குகளின் விதைச் சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு இளமை திரும்பியது என்றார். 1983ல் லாஸ் வேகாஸ் மாநாட்டில் கைல்ஸ் பிரிண்ட்லி என்ற பிரிட்டன் விஞ்ஞானி, தன் உறுப்பிலேயே மருந்தை ஊசியாகப் போட்டுக்கொண்டு, மேடையிலேயே கால்சட்டையை இறக்கி பலனைக் காட்டினார். சபை ஆடிப்போனது. ஆனால் "இது வெறும் மனக்கோளாறு இல்லை, ரத்த ஓட்ட விஷயம்" என்பது அன்று எல்லாருக்கும் புரிந்தது.

15/ 1992ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் மாநாடு, ஆளையே மட்டம் தட்டுகிற பழைய சொல்லை விட்டுவிட்டு "விறைப்புக் குறைபாடு" என்ற பொருளில் புதிய சொல்லைப் பரிந்துரைத்தது. நாம இன்னும் "ஆண்மைக்குறைவு"ன்னுதான் சொல்றோம். சர்க்கரை ஏறினால் கணையக் கோளாறு. இது மட்டும் ஆண்மையின் குறையா? அந்த ஒரு சொல்தான் பல பேரை டாக்டரிடம் வரவிடாமல் தடுக்கிறது.

16/ 1998ல் வெளியான பெரிய ஆய்வில், மருந்து எடுத்தவர்களின் உடலுறவு முயற்சிகளில் 69 சதவீதம் வெற்றி. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 22 சதவீதம். 1998 மார்ச் 27 அன்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. அதே அக்டோபரில் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நைட்ரிக் ஆக்சைடுக்காக நோபல் பரிசு. நைட்ரோகிளிசரினில் சம்பாதித்தவர் வைத்துவிட்டுப் போன பணம், அதன் ரகசியத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கே போய்ச் சேர்ந்தது.

17/ அதே வருடத்தில் இன்னொரு கணக்கும் வந்தது. நவம்பர் நடுவரைக்கும் அமெரிக்காவில் 60 லட்சத்துக்கும் அதிகமான மருந்துச் சீட்டுகள். மாத்திரை எடுத்தபின் இறந்ததாக எஃப்.டி.ஏ. உறுதி செய்தது 130 பேர். எல்லாவற்றுக்கும் மாத்திரைதான் காரணம்னு அர்த்தமில்லை. வயதானவர்கள், ஏற்கெனவே இதயநோய் உள்ளவர்கள் பலர். ஆனால் அதில் 16 பேர் நைட்ரேட் எடுத்தவர்கள் அல்லது மற்றவர்களால் நைட்ரேட் கொடுக்கப்பட்டவர்கள். லேபிளில் முதல் நாளிலிருந்தே எச்சரிக்கை இருந்தும்!

18/ மதகுக்கு வாங்க. நைட்ரேட் போட்டால் திறக்கிற ஆட்கள் கூட்டமாக வருகிறார்கள். சில்டெனாஃபில் மூடுகிற ஆளைக் கட்டிப்போட்டிருக்கிறது. உடம்பு முழுக்க மதகு திறந்து, மூட நாதி இல்லை. ஏரியில் தண்ணீர் மட்டம் சரசரவென இறங்கினால் மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் ஏறாது. மேட்டு நிலம் உங்க மூளை. ஏற்கெனவே அடைப்பு இருக்கிற இதயக்குழாய்க்கும் ரத்தம் போதாது. பிரஷர் அதலபாதாளத்துக்குப் போய் ஆள் விழுந்துவிடுவார்.

19/ இந்தியாவில் 1970 காப்புரிமைச் சட்டப்படி மருந்தின் செய்முறைக்குத்தான் காப்புரிமை, மருந்துக்கு இல்லை. 2005 வரை அப்படித்தான். அதனால் 2001லேயே நம்ம கம்பெனிகளின் விலை குறைந்த சில்டெனாஃபில் வந்துவிட்டது. ஏழைக்கும் எட்டியது, நல்ல விஷயம். ஆனால் சீட்டில்லாமல் விற்கக்கூடாத இந்த மாத்திரை, "அண்ணே, ஒரு நூறு கொடுங்க"ன்னு கவுண்டரில் கைமாறுகிறது. விலை குறைந்தபோது கூடவே காணாமல் போனது டாக்டர் கேட்கிற கேள்விகள். அந்தக் கேள்விகளை இங்கே தருகிறேன்.

20/ முதல் கேள்வி: சார்பிட்ரேட், நைட்ரோகிளிசரின், மோனோநைட்ரேட், நிக்கோராண்டில் இதில் ஏதாவது எடுக்கறீங்களா, தேவைப்படும்போது வைத்துக்கொள்ளச் சொல்லி பையில் இருக்கிறதா? அப்படின்னா சில்டெனாஃபில், டாடலாஃபில் எதுவும் உங்களுக்குக் கிடையாது. அரை மாத்திரையும் கிடையாது. நுரையீரல் அழுத்தத்துக்கான ரியோசிகுவாட் எடுப்பவர்களுக்கும் அப்படியே.

21/ இரண்டாவது: சமீபத்தில் மாரடைப்பு, பக்கவாதம் வந்ததா? பிரஷர் மிகக் குறைவாகவோ கட்டுக்கடங்காமலோ இருக்கிறதா? மாடி ஏறினாலே நெஞ்சு வலிக்கிறதா? முதலில் இதய டாக்டர், அப்புறம்தான் மாத்திரை. உடலுறவும் இதயத்துக்கு ஒரு வேலைதான்.

22/ மூன்றாவது: புரோஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் மாதிரி மாத்திரை எடுக்கறீங்களா? சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழலாம். டாக்டர் குறைந்த அளவில்தான் தொடங்குவார். எரித்ரோமைசின், கீட்டோகொனசோல், ரிட்டோனாவிர் போன்றவை சில்டெனாஃபிலை உடம்பில் தேக்கிவைக்கும். கல்லீரல், சிறுநீரகக் கோளாறு, 65 வயதுக்கு மேல் என்றாலும் 25 மி.கி.தான் தொடக்கம்.

23/ மற்றவர்களுக்கு வழக்கமாக 50 மி.கி., உடலுறவுக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன். ஒரு நாளில் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போட்டால் வேலை செய்யத் தாமதமாகும். "வேலை செய்யலையே"ன்னு இன்னொன்று போடாதீங்க. ஆசையை இது உண்டாக்காது. ஆசை வந்தால் மதகு திறந்திருக்க உதவும், அவ்வளவுதான். மேலே சரக்கையும் ஊற்றினால் பிரஷர் இன்னும் இறங்கும்.

24/ தலைவலி, முகச்சிவப்பு, மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல், சிலருக்குப் பார்வையில் நீலச் சாயல்: இவை வந்து போகும். சொப்ரேரோவின் தலைவலிக்குச் சொந்தக்கார வலிதான் இதுவும். ஆனால் விறைப்பு நாலு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, திடீரென ஒரு கண் பார்வையோ காதோ போனாலோ, உடனே ஆஸ்பத்திரி. வெட்கப்பட்டு விடியும்வரை காத்திருந்தால் உறுப்பு நிரந்தரமாகக் கெடலாம்.

25/ "நான் இங்கிலீஷ் மருந்தே தொடமாட்டேன், மூலிகைப் பொடிதான்" என்கிறவர்கள் கவனிக்கணும். இயற்கை மருந்து என்ற பெயரில் விற்கப்படுகிற வீரியப் பொருட்கள் பலவற்றில் சொல்லாமல் சில்டெனாஃபில் கலந்திருப்பதை எஃப்.டி.ஏ. திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறது. லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கிறவர் கொடுத்த பொடி அரை மணியில் வேலை செய்தால், மூலிகையை மெச்சுவதற்கு முன் சந்தேகப்படுங்க. அதையும் டாக்டரிடம் சொல்லுங்க.

26/ இன்னொரு சேதி. ஆணுறுப்பின் தமனி ஒன்று இரண்டு மில்லிமீட்டர்தான். இதயத் தமனி மூன்று நான்கு. இரண்டிலும் ஒரே கொழுப்புதான் படியும், ஆனால் சின்னக் குழாய்தான் முதலில் தெரிவிக்கும். சர்க்கரை, பிரஷர், புகை உள்ளவருக்கு விறைப்பு குறைவது, சில வருடம் கழித்து வரப்போகிற மாரடைப்பின் முன்னறிவிப்பாக இருக்கலாம். கவுண்டரில் மாத்திரை வாங்கியவர் அந்த மணியை அடித்து நிறுத்திவிட்டார். டாக்டரிடம் வந்தவருக்குச் சர்க்கரை, கொழுப்பு, இசிஜி எல்லாம் பார்க்கப்படும்.

27/ பி.டி.இ.5 நுரையீரல் ரத்தக்குழாய்களிலும் நிறைய உண்டு. அதனால் 2005 முதல் நுரையீரல் ரத்த அழுத்தத்துக்கும் சில்டெனாஃபில் அதிகாரபூர்வ மருந்து. பெண்களுக்கும், மூச்சுத் திணறும் பச்சிளம் குழந்தைகளுக்கும்கூட எழுதுவோம். இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு "என் குழந்தைக்கு இதையா?"ன்னு தூக்கிப் போட்டுடாதீங்க.

28/ கடைசியா, மனைவிமார்களும் மகன்களும் படிக்கணும். நெஞ்சைப் பிடிக்கிறவருக்கு "நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் வை"ன்னு வாட்ஸப்பில் படித்து நல்ல மனசோட நீங்களே வைக்காதீங்க. அவர் என்ன போட்டிருக்கிறார்னு உங்களுக்குத் தெரியாது. 108 கூப்பிடுங்க. மாத்திரை போட்டிருந்தால் பெயரும் நேரமும் சொல்லுங்க: சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரம், டாடலாஃபில் போட்டு 48 மணி நேரம் ஆகாதவரை நைட்ரேட் தரமாட்டோம். நெஞ்சுவலிக்கு எங்களிடம் வேறு மருந்துகள் இருக்கு.

29/ வாயால் சொல்லக் கூச்சமா? சீட்டில் எழுதிக் கொடுங்க, அல்லது "எல்லாரையும் வெளியே அனுப்புங்க"ன்னு மட்டும் சொல்லுங்க. எங்களுக்குப் புரியும்.