இரட்டை இதயம் கொண்ட இரும்பு யானைகள்

மாலை வேளையிலே வெள்ளவத்தைக் கடற்கரையிற் காற்று வாங்கச் செல்லும் நம்மவர் யாவரும் கண்டு பழகிய காட்சி ஒன்றுண்டு. அலைகளுக்கும் வீடுகளுக்கும் நடுவே ஓடும் இருப்புப்பாதையில் டீசல் வண்டி உறுமிக்கொண்டு வரும்போது, நாம் பேச்சை நிறுத்தி, அது கடந்து போகும்வரை காத்து நிற்போம். அந்த உறுமலுக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. ஒரே உடலில் இரண்டு பேரெஞ்சின்களைச் சுமந்து, உலகிலேயே மிகப் பெரியவை எனப் பெயர் பெற்ற சாமான் வண்டி இழுவைகளின் எழுச்சியும் வீழ்ச்சியும் அதனுள் அடங்கும். வாலிபர்களாகிய நாம் அதனை அறிவது பொழுதுபோக்குக்காக மட்டுமன்று. வலிமை எதில் இருக்கிறது என்ற கேள்விக்கு அவ்வரலாறு விடை தருகிறது.

முதலில் டீசல்-மின் இழுவை இயங்கும் விதத்தைப் பார்ப்போம். அதில் டீசல் எஞ்சின் சில்லுகளை நேரே சுழற்றுவதில்லை. எஞ்சின் மின்பிறப்பாக்கியைச் சுழற்றும். அதிலே பிறக்கும் மின்சாரம் அச்சுகளிற் பொருத்தப்பட்ட மோட்டார்களுக்குச் செல்லும். அம்மோட்டார்களே சில்லுகளைச் சுழற்றும். பாரமான வண்டித் தொடரை நின்ற நிலையிலிருந்து கிளப்புவதற்கு இம்முறை மிகவும் ஏற்றது. இன்னொரு நன்மையும் உண்டு. பல இழுவைகளை மின்கம்பிகளாலே தொடுத்துவிட்டால், முன்னே அமர்ந்திருக்கும் ஒரே சாரதி அவையனைத்தையும் நடத்தலாம். நீராவி இழுவைகளாயின் ஒவ்வொன்றுக்கும் தனிச் சாரதியும் தீ மூட்டுபவரும் வேண்டும்.

இந்த நன்மையை உலகுக்கு உணர்த்தியது 1939ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் வெள்ளோட்டம் விட்ட 'எப்.டி.' என்னும் இழுவை. தலைக்கு 1350 குதிரைவலு கொண்ட நான்கு பகுதிகள் ஒன்று சேர்ந்து 5400 குதிரைவலுவைத் தந்தன. இருபது கம்பனிகளின் பாதைகளிலே ஏறக்குறைய 84,000 மைல் ஓடி, நீராவியின் காலம் முடியப்போகிறது என்பதை அது காட்டிற்று. ஆகவே, சாமான் வண்டித் துறையில் டீசலின் முதல் வெற்றி தனியொரு பூதத்தின் வெற்றியன்று. கூடி இழுத்த நால்வரின் வெற்றி.

ஆயினும் மனித மனம் பெரியதை நாடுவது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலே, மலைகளையும் வெளிகளையும் கடந்து நெடுந்தூரம் செல்லும் யூனியன் பசிபிக் என்ற கம்பனிக்குப் பேரிழுவைகள் மீது தீராத வேட்கை இருந்தது. 1941 முதல் 1944 வரை 'பிக் போய்' என்ற 25 நீராவிப் பூதங்களை அது பெற்றது. அதன்பின், மலிவான கசட்டு எண்ணெயை எரிக்கும் வாயுச்சுழலி இழுவைகளை, 8500 குதிரைவலு வரையில், ஓட்டியது. காலப்போக்கில் அவ்வெண்ணெயின் மலிவு நீங்கிற்று. டீசலுக்கே திரும்பவேண்டிய நிலை வந்தபோது, "பல சிறு இழுவைகளைத் தொடுப்பானேன்? ஒரே சட்டத்தின்மேல் இரண்டு எஞ்சின்களை ஏற்றினால் என்ன?" என்ற எண்ணம் பிறந்தது. வேண்டிய இழுவைகளின் தொகை குறையும். அதனாற் செலவும் குறையும் என்பது கணக்கு.

மூன்று தொழிலகங்கள் போட்டிக்கு வந்தன. ஜெனரல் எலெக்ட்ரிக் 'யு50' என்பதை 5000 குதிரைவலுவுடன் செய்தது. அல்கோ 5500 குதிரைவலுவுடன் 'சி855' என்பதைச் செய்தது. ஆனால் மூன்றே மூன்றுதான் பிறந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் 1963இல் 'டிடி35' என்பதைத் தந்தது. அதில் 2500 குதிரைவலு எஞ்சின்கள் இரண்டு இருந்தன. இவற்றிற்கெல்லாம் சிகரமாக, 1969ஆம் ஆண்டில் 'டிடிஏ40எக்ஸ்' வந்தது. அமெரிக்கக் கண்டத்தைக் கடக்கும் இருப்புப்பாதை 1869 மே 10இல் இணைந்ததன் நூற்றாண்டு அது. ஆதலால் 'செந்தெனியல்', அதாவது நூற்றாண்டு இழுவை, எனப் பெயர் சூட்டினர். 98 அடிக்கு மேற்பட்ட நீளம், எட்டு அச்சுகள், 3300 குதிரைவலு எஞ்சின்கள் இரண்டு, மொத்தம் 6600 குதிரைவலு! 1971 வரையில் 47 இழுவைகள் பிறந்தன. ஒற்றை உடல் கொண்ட டீசல் இழுவைகளுள் இவற்றைவிட வலிய ஒன்று அதற்குமுன் இருந்ததில்லை.

ஆனால் அந்த யானைகளின் ஆட்சி நெடுங்காலம் நிலைக்கவில்லை. இரண்டு எஞ்சின்களுள் ஒன்றைத் திருத்தவேண்டிப் பணிமனைக்கு அனுப்பினால், பழுதற்ற மற்றையதும் அதனோடு முடங்கிக் கிடக்கும். சிறிய வண்டித் தொடருக்கு அவ்வளவு வலு வீண். இதற்கிடையில் ஒற்றை எஞ்சினின் வலுவும் வளர்ந்தது. 1972இல் வந்த 'எஸ்டி40-2' என்ற 3000 குதிரைவலு இழுவையை வேண்டியபோது இரண்டாக, மூன்றாகத் தொடுக்கலாம். வேண்டாதபோது பிரித்து வேறு வேலைக்கு அனுப்பலாம். 1980களின் நடுப்பகுதிக்குள் செந்தெனியல்கள் அன்றாடச் சேவையிலிருந்து விலகின. எனினும் அவை வீண்போயின எனல் தவறு. அவற்றிலே பரீட்சித்த, கழற்றி மாற்றக்கூடிய மின்னணுத் தட்டுகளே அடுத்து வந்த இழுவைகளுக்கு அடிப்படையாயின. பூதம் மறைந்தது; அதன் அறிவு நிலைத்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். றம்புக்கணைக்கு அப்பால் நமது மலைநாட்டுப் பாதை 44 அடிக்கு ஓரடி என ஏறும். வளைவுகளோ மிக நெருக்கமானவை. அங்கே 98 அடி யானைக்கு இடமில்லை. நீராவிக் காலத்திலேயே, ஒரே கொதிகலனுக்கு முன்னும் பின்னும் இரு இயந்திரத் தொகுதிகள் கொண்டு, வளைவுகளில் வளைந்து செல்லும் 'கரட்' இழுவைகளை நம்மவர் அப்பாதையில் ஓட்டினர்.

பின்பு 1950இல் நமது கொழும்பு நகரிலே கருக்கொண்டு, நகரின் பெயரையே தாங்கிய கொழும்புத் திட்டத்தின் கீழ், கனடா நாடு 1954இல் டீசல்-மின் இழுவைகளை நமக்கு நன்கொடையாக அளித்தது. 'ஒன்ராறியோ' முதலாகக் கனடிய மாகாணங்களின் பெயர்களை அவை தாங்கின. ஒவ்வொன்றின் வலுவும் 1425 குதிரைவலுதான். ஆயினும் ஓர் உறவைக் கவனிக்கவேண்டும். ஒன்ராறியோவின் எஞ்சினும் டிடி35 யானையின் எஞ்சின்களும் ஒரே குடும்பத்தவை. இரண்டிலும் ஒவ்வோர் உருளையும் 567 கன அங்குலக் கொள்ளளவு கொண்டது. ஒன்ராறியோவுக்கு 12 உருளைகள். யானைக்கோ 16 உருளைகள் கொண்ட எஞ்சின்கள் இரண்டு. யானை இருபது ஆண்டளவில் ஓய்ந்தது. நம் நாட்டுத் தொழிலாளர் கைபட்ட கனடிய இழுவைகளோ அரை நூற்றாண்டையும் கடந்து கரையோரத்திலும் மலையிலும் உழைத்தன.

இதன் காரணம் எளிது. பாதைக்கு ஏற்ற பருமன், பழுது வந்தபோது திருத்தத் தெரிந்த கைகள், வேண்டும்போது மற்றொன்றோடு இணையும் தன்மை: இம்மூன்றுமே நீடித்த வலிமை. 6600 குதிரைவலு ஓருடலில் இருப்பது வியப்புக்குரியது. ஆனால் அவ்வலு பலவுடலிற் பிரிந்து நின்று, வேண்டிய வேளையில் ஒன்று கூடுவதே பயனுக்குரியது.

நம் கோயில் தேரை நினைத்துப் பாருங்கள். வடம் பிடிப்பவருள் எவர் மிக வலியவர் என்று யாரும் கேட்பதில்லை. ஒருவர் கை தளர்ந்தால் மற்றவர் பற்றிக்கொள்வர்; தேர் நிற்பதில்லை. சங்கம் நடத்துவோரும் இதனையே மனத்திற் கொள்ளவேண்டும். எல்லாப் பாரத்தையும் ஓரிருவர்மேல் ஏற்றிய சங்கம், அவர்கள் ஓய்ந்த நாளிலே தானும் ஓயும். ஆகவே முதியோர் வடத்தின் ஒரு முனையைப் பிடித்திருக்கும்போதே, இளைஞர்களாகிய நாம் மறுமுனையைப் பற்றிக்கொள்வோமாக.