அகில் மணம்

அகிற்புகையில் கூந்தலை உலர்த்திய பெண்களைப் பற்றித் தமிழ்ப் பண்டிதர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் புகை எப்படி மணக்கும் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

குருசுக்குப்பத்தில் மூக்குக்கு எட்டுவது உப்புக் காற்றும் கருவாடும்தான். ஆனாலும் அந்தக் கடலைப் பார்த்தால் எனக்கு அகில் நினைவு வரும். காரகில் கிழக்குத் திசையிலிருந்து வந்த சரக்கு என்கிறார் இளங்கோவடிகள். அகில் விளையும் கம்போடியாவும் வியட்நாமும் அந்தத் திசையில்தான் இருக்கின்றன. 1859-இல் பிரெஞ்சுக்காரர் சைகோனைப் பிடித்த பிறகு, புதுச்சேரித் தமிழர் பலர் உத்தியோகம் தேடிக் கப்பலேறியதும் அங்கேதான்.

மரத்தில் காயம் பட்டுப் பூஞ்சணம் பற்றினால், அதை எதிர்த்து மரம் ஒரு பிசினைச் சுரக்கிறது. பிசின் ஊறிக் கறுத்த கட்டையே அகில். உயர்ந்த ரகம் தண்ணீரில் மூழ்கிவிடும். அதிலிருந்து வடிக்கும் தைலத்தை அரபு நாட்டார் ஊத் என்பார்கள்.

அஸ்ஸாம் தைலத்தைப் புறங்கையில் ஒரு பொட்டுத் தடவிப் பார்த்தேன். முதலில் மாட்டுத் தொழுவம். அப்புறம் பதனிட்ட தோல். ஒரு நாழிகை கழித்து, பாட்டியின் மரப்பெட்டியைத் திறந்தாற்போல் ஓர் இனிமை! கம்போடியத் தைலமோ எடுத்த எடுப்பிலேயே கனிந்த பழமும் தேனுமாக மணந்தது.

நம் பூஜையறை ஊதுவத்தியின் ‘ஊது’ அந்த அரபுச் சொல்தான். பெயர் வீட்டில் தங்கிவிட்டது; இன்றைய வத்திகள் பெரும்பாலானவற்றில் அகில் இல்லை. காட்டு மரங்களும் அருகியதால், நம் நாட்டு அகில் 1995 முதல் சர்வதேச வாணிபக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மரமும் போய்விட்டால், அகில் அகராதியில் மட்டுமே மணக்கும்.