துறைமுகத்தில் முடிவான பயணங்கள்
(18 ஆம் நூற்றாண்டின் நெடுங்கடற் பயண முன்னேற்பாடுகள் பற்றிய ஒரு நோக்கு)

நெடுங்கடற் பயணங்களின் வரலாறு பெரும்பாலும் புயல்களின் வரலாறாகவும் தலைவர்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. கப்பல் துறைமுகத்தை விட்டு நீங்கிய நாளிலிருந்தே கதை தொடங்குகிறது. அதற்கு முந்திய மாதங்களில் களஞ்சியங்களிலும் கப்பல்கட்டுந் துறைகளிலும் நடந்தவை ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகின்றன. ஆயின், மாலுமிகளுள் எத்தனை பேர் திரும்பி வருவர் என்பது பல வேளைகளில் அந்த மாதங்களிலேயே தீர்மானிக்கப்பட்டு விட்டது. இங்கிலாந்திலிருந்து பசிபிக் சமுத்திரத்தை நோக்கி 18 ஆம் நூற்றாண்டிற் புறப்பட்ட சில பயணங்களை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் கருதவேண்டியது 1740 இல் ஜோர்ஜ் அன்சன் தலைமையிற் சென்ற படைப்பயணமாகும். 1739 இல் இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டது. தென்னமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்த ஸ்பானியக் குடியேற்றங்களைத் தாக்குவதற்கென ஆறு போர்க்கப்பல்களும் இரண்டு சரக்குக் கப்பல்களும் ஒதுக்கப்பட்டன. திட்டம் 1739 இன் இறுதியிலேயே உருவானபோதிலும், கப்பல்கள் புறப்பட்டது 1740 செப்ரெம்பர் 18 ஆந் திகதியே. ஆட்பற்றாக்குறையும் நிர்வாகத் தாமதமுமே இதற்குக் காரணம். இத்தாமதத்தால் இரு கேடுகள் விளைந்தன. ஸ்பானியர் செய்தியறிந்து தாமும் ஒரு கடற்படையை அனுப்பினர். இரண்டாவது கேடு அதனினும் பெரிது. தென்னமெரிக்காவின் தென்கோடியிலுள்ள ஹோர்ன் முனையைக் கோடையிற் கடப்பதற்குப் பதிலாக, 1741 மார்ச்சில், அப்பகுதியின் குளிர்காலம் நெருங்கும் வேளையில், கப்பல்கள் அங்குச் சென்றடைந்தன.

இப்பயணத்துக்கு ஆள் சேர்த்த விதம் வரலாற்று மாணவர் எவரையும் திகைக்க வைப்பதாகும். தரையில் இறங்கிப் போர் புரிவதற்கு முறையான படைப்பிரிவு எதுவும் வழங்கப்படவில்லை. செல்சி வைத்தியசாலையின் ஓய்வூதியக்காரரான முதிய படைவீரருள் 500 பேரை ஏற்றுமாறு கட்டளையிடப்பட்டது. இவர்கள் முதுமையாலும் காயங்களாலும் நோயாலும் சேவையிலிருந்து விலக்கப்பட்டவர்கள். அறுபது வயதைக் கடந்தோர் பலர். எழுபதைக் கடந்தோரும் சிலர். நடக்க வல்லவர்கள் தப்பியோடிவிட, ஓட இயலாத 259 பேரே கப்பலேறினர். குறையை நிரப்ப, துப்பாக்கி பிடித்துப் பழகாத 210 புதிய கடற்படைச் சிப்பாய்கள் சேர்க்கப்பட்டனர். எண்ணிக்கை ஒருவாறு நிறைந்தது. பதிவேட்டைப் பார்த்த அதிகாரிக்கு அது போதுமானதாயிற்று.

விளைவு விரைவிலேயே தெரிந்தது. நெரிசல் மிகுந்த கப்பல்களிற் காய்ச்சலும் வயிற்றுளைவும் முதலிற் பரவின. ஹோர்ன் முனையை அண்டிய புயல்களிடையே ஸ்கேவி நோய் தோன்றிற்று. முரசு வீங்கிப் பற்கள் கழலும். தோலின் கீழ் இரத்தம் கசியும். ஆறிப்போன பழைய புண்களும் மீண்டும் வாய்திறக்கும். பாய்களைக் கையாளும் வலிமையுள்ளோர் நாளுக்கு நாள் அருகினர். இரு கப்பல்கள் திரும்பிச் சென்றன. ஒன்று சிலியின் தென்கரையில் உடைந்தது. யுவான் பெர்னாண்டஸ் தீவைச் சேர்ந்த சென்ரூரியன், குளொஸ்ரர், ரையல் ஆகிய மூன்று கப்பல்களும் இங்கிலாந்தை விட்டுப் புறப்படுகையில் 961 பேரைக் கொண்டிருந்தன. அவர்களுள் 626 பேர் அதற்குள் இறந்துவிட்டனர். எஞ்சியோர் 335 பேர். சென்ரூரியனில் ஏறிய 50 முதிய வீரருள் உயிரோடிருந்தவர் நால்வரே.

எனினும் இப்பயணம் தோல்வியாகக் கருதப்படவில்லை. அன்சன் 1743 இற் பிலிப்பைன்சுக்கு அண்மையில் ஸ்பானியரின் செல்வக் கப்பலொன்றைக் கைப்பற்றினார். 1744 இல் அச்செல்வம் இலண்டன் வீதிகளில் 32 வண்டிகளில் ஊர்வலமாகக் கொண்டுசெல்லப்பட்டது. வெள்ளி எண்ணப்பட்ட அளவுக்கு மாண்டவர் எண்ணப்படவில்லை. போரிற் பகைவனால் இறந்தவர் மிகச் சிலர். நோயால் இறந்தவர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். மாலுமியின் உடல் செலவுக் கணக்கில் ஓர் இனமாகவே கருதப்பட்டது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதற்கு 28 ஆண்டுகளின் பின், 1768 இல், ஜேம்ஸ் குக் தலைமையில் 'என்டெவர்' புறப்பட்டது. இவ்விரண்டையும் ஒப்பிடும்போது ஓர் எச்சரிக்கை அவசியம். முன்னையது போர்ப்படை, பின்னையது 1769 யூன் 3 இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடக்குங் காட்சியைத் தாகித்தித் தீவிலிருந்து அவதானிக்கச் சென்ற தனிக்கப்பல். அளவிலும் நோக்கிலும் இரண்டும் வேறானவை. ஆயினும் இரண்டும் ஒரே கடற்படை நிர்வாகத்தின் கீழ் ஒரே சமுத்திரத்தை நோக்கிச் சென்றவை. ஆகவே ஆயத்தங்களை ஒப்புநோக்குதல் தவறாகாது.

முதலாவது வேறுபாடு கப்பலின் தெரிவிற் காணப்படுகிறது. என்டெவர் அழகிய போர்க்கப்பலன்று. 1764 இல் விட்பி நகரிற் கட்டப்பட்டு நிலக்கரி ஏற்றி வந்த 368 தொன் கலம் அது. கடற்படை அதனை 1768 மார்ச்சில் 2,840 பவுணுக்கு வாங்கியது. இதனைக் குக்கே தெரிந்தெடுத்தார் என எண்ணுவோர் உளர். உண்மையில் அவர் தலைவராக நியமிக்கப்படுமுன்னரே கடற்படை நிர்வாகம் அதனை வாங்கிவிட்டது. எனினும் இளமையில் விட்பியின் நிலக்கரிக் கப்பல்களிலேயே தொழில் பயின்ற குக்குக்கு அவ்வகைக் கலம் நன்கு பழக்கமானதாயிருந்தது. அதன் வயிறு அகன்றது. பல மாத உணவை அடக்கவல்லது. அடிப்பாகம் தட்டையானது, பழுதுபார்க்கக் கரையில் ஏற்றி நிறுத்தலாம். டெட்போர்ட் கப்பற்றுறையில், மரத்தைத் துளைக்கும் கடற்புழுவிலிருந்து காப்பதற்காக, அடிப்பாகத்தின் மேல் மற்றுமொரு பலகை உறையும் அறையப்பட்டது.

இரண்டாவது வேறுபாடு உணவு. ஏற்றப்பட்டவற்றின் பட்டியல் பார்வைக்கு வறண்டதாயினும் வரலாற்றாசிரியனுக்குப் பயனுடையது. மூடைகளிற் கப்பற் பிசுக்கோத்து 21,226 இறாத்தல், மா 9,000 இறாத்தல், உப்பிட்ட மாட்டிறைச்சி 4,000 துண்டு, பன்றியிறைச்சி 6,000 துண்டு, பட்டாணி 187 புசல், முந்திரிகை வற்றல் 2,500 இறாத்தல், வினாகிரி 500 கலன் என அது நீளும். இவற்றோடு உப்பிட்டுப் புளிக்கவைத்த கோவா 7,860 இறாத்தலும், முளைகட்டிய வாற்கோதுமை 40 புசலும், காய்ச்சி இறுக்கிய இறைச்சிச் சாற்றுக் கட்டிகளும் இருந்தன. இக்கடைசி வகைகள் ஸ்கேவியைத் தடுக்கக்கூடுமென்ற நம்பிக்கையிற் பரீட்சார்த்தமாக ஏற்றப்பட்டவை. 94 பேருடன் கப்பல் 1768 ஓகஸ்ட் 26 இல் பிளிமத்தை விட்டுப் புறப்பட்டது.

உணவை ஏற்றுவது வேறு, உண்ணச் செய்வது வேறு. மெடெய்ராவிற் புதிய இறைச்சியை உண்ண மறுத்த இருவருக்குக் குக் கசையடி கொடுத்தார். புளித்த கோவாவின் விடயத்தில் அவர் கையாண்ட வழி இதனினும் நுட்பமானது. அதனை நாள்தோறும் அதிகாரிகளின் மேசையிற் பரிமாறுவித்து, மாலுமிகள் விரும்பினால் உண்ணலாம், விரும்பாவிடின் விடலாம் என அறிவித்தார். மேலோர் உண்பதைக் கண்டவர்கள் ஒரு வாரத்துக்குள் அதனைக் கேட்டு வாங்கத் தொடங்கினர். பின்னர் அதனைப் பங்கிட்டு வழங்க வேண்டியதாயிற்று. கரை கண்ட இடமெல்லாம் கீரை பறித்தல், நன்னீர் மாற்றுதல், தளங்களைத் துப்புரவாக வைத்தல் என்பன அன்றாடக் கடமைகளாயின. இப்பயணத்தில் ஸ்கேவியால் ஒருவரும் இறந்ததாகப் பதிவில்லை.

ஆயின், குக் இந்நோயின் காரணத்தை அறிந்திருந்தார் எனக் கொள்வது தவறாகும். 1747 இல் சோல்ஸ்பரி என்னுங் கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற வைத்தியர் பன்னிரு நோயாளரை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் உண்ட இருவருமே விரைவிற் குணமடைந்தனர். அவரது நூல் 1753 இல் வெளிவந்தது. குக் பெரிதும் புகழ்ந்த வாற்கோதுமைச் சாற்றுக்கோ ஸ்கேவியைக் குணப்படுத்தும் ஆற்றல் இல்லை என்பது இன்று தெளிவு. அதே கப்பலிற் சென்ற இயற்கை ஆய்வாளர் ஜோசப் பாங்ஸ், 1769 ஏப்பிரலிலே தமது முரசு வீங்கியபோது, தாம் சொந்தமாகக் கொண்டுவந்த எலுமிச்சைச் சாற்றை அருந்தி ஒரு வாரத்துக்குள் நலமடைந்தார். இவ்வாறு தக்க மருந்து ஒருவரது தனிப்பட்ட பெட்டியிலிருக்க, தகாத மருந்து அரசாங்கக் களஞ்சியத்தில் இருந்தது! பிரித்தானியக் கடற்படை எலுமிச்சைச் சாற்றைப் பொதுவாக ஏற்றது 1795 இலேயே. குக்கின் மாலுமிகளைக் காத்தது புதிய உணவை விடாது தேடும் பழக்கமேயன்றி விஞ்ஞான அறிவன்று.

1770 யூன் 11 இல் அவுஸ்திரேலியாவின் கிழக்கே பவளப்பாறையில் என்டெவர் மோதியபோது, கப்பலின் தெரிவு எவ்வளவு பயன்பட்டது என்பது புலனாயிற்று. பீரங்கிகள் உட்பட 40 தொன்னுக்கு மேற்பட்ட பாரம் கடலில் எறியப்பட்டது. கம்பளி மயிரும் கயிற்றுச் சிம்பும் தைத்த பாயொன்றை வெளிப்புறத்தால் இழுத்து ஓட்டையை அடைத்தனர். பின் ஆற்று முகமொன்றில் தட்டையான அடிப்பாகம் கரையேறி நிற்க, ஏறத்தாழ ஏழு வாரங்கள் பழுதுபார்த்தனர். ஆழமான அடிப்பாகமுடைய போர்க்கப்பலாயின் இது அரிதாகவே கைகூடியிருக்கும்.

எனினும் எந்த ஆயத்தமும் எல்லாவற்றையும் அடக்குவதில்லை. முழுமையான பழுதுபார்ப்புக்காகப் பத்தாவியாவில் தங்கியபோது மலேரியாவும் வயிற்றுளைவும் தொற்றின. அங்கும், அங்கிருந்து நன்னம்பிக்கை முனை நோக்கிச் சென்ற வழியிலும், ஏறத்தாழ முப்பது பேர் இறந்தனர். வழிகாட்டியாக உடன்வந்த பொலினீசியக் கடலோடி துப்பாயாவும் அவர்களுள் ஒருவர்.

மற்றுமொரு குறையையும் மறைத்தலாகாது. புறப்படுமுன் றோயல் சங்கத்தின் தலைவரான மோர்ட்டன் பிரபு, சந்திக்கும் மக்களிடம் பொறுமை காட்டவேண்டும் என்றும், அவர்களின் இரத்தஞ் சிந்துவது பெருங்குற்றம் என்றும் எழுத்தில் அறிவுறுத்தியிருந்தார். ஆயினும் 1769 ஒக்ரோபரில் நியூசிலாந்தில் இறங்கிய முதற் சில நாட்களிலேயே மாவோரி மக்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இதற்காக 2019 இற் பிரித்தானிய உயர்ஸ்தானிகர் வருத்தந் தெரிவித்தார். கோவாவை உண்ணச் செய்வதற்குக் கொடுத்த கவனம், இவ்வறிவுரையைச் செயலாக்குவதற்குக் கொடுக்கப்படவில்லை. அந்நியக் கரையிலுள்ளோரின் உயிரும் பயணக் கணக்கில் அடங்கவேண்டும் என்பதை அக்காலத் திட்டக்காரர் ஏட்டில் எழுதினர், நடைமுறையிற் கொள்ளவில்லை.

இரண்டாவது பயணத்துக்கு (1772–1775) முன்னேற்பாடு மேலுஞ் செம்மையாயிற்று. பவளப்பாறை கற்பித்த பாடத்தால் ஒன்றுக்குப் பதிலாக இரு கப்பல்கள் சென்றன. இரண்டும் விட்பியிற் கட்டப்பட்ட நிலக்கரிக் கப்பல்களே. நெடுங்கோட்டைக் கணிக்க ஹரிசனின் கடிகாரத்தைப் பார்த்து லார்க்கம் கெண்டல் செய்த கடிகாரம் உடன்சென்றது. பாங்ஸின் வசதிக்கென 'ரெசொலூசன்' கப்பலில் மேலதிக தளமொன்று கட்டப்பட்டபோது அது தலைப்பாரமாகித் தள்ளாடிற்று. குக் அதனை அகற்றுவித்தார். பாங்ஸ் சினந்து விலகினார். மூன்றாண்டுப் பயணத்தில் அக்கப்பலில் நோயால் இறந்தவர் ஒருவரே.

மூன்றாவது பயணத்தின் முன்னேற்பாடோ முற்றிலும் வேறுபட்டது. 1776 இல் டெட்போர்ட்டில் ரெசொலூசன் பழுதுபார்க்கப்பட்டபோது குக் முன்போல் மேற்பார்வை செய்யவில்லை. இரண்டாம் பயண நூலை ஆயத்தஞ் செய்வதில் ஈடுபட்டிருந்தார். கலப்பத்து வேலை செவ்வையாக அமையவில்லை. புறப்பட்ட சின்னாட்களிலேயே தளங்களினூடாக நீர் ஒழுகிற்று. 1779 பெப்ரவரி 4 இல் ஹவாயின் கியலகெகுவா விரிகுடாவை விட்டு நீங்கிய கப்பல், புயலில் முன்பாய்மரம் பழுதாகியதால் 11 ஆந் திகதி அங்கேயே திரும்ப நேர்ந்தது. வரவேற்பு மாறியிருந்தது. படகொன்று களவு போனமை பற்றி எழுந்த பூசலில் 14 ஆந் திகதி குக் கொல்லப்பட்டார். அவருடன் நான்கு சிப்பாய்களும் ஹவாய் மக்கள் பலரும் மாண்டனர். பழுதான பாய்மரம் ஒன்றே இதற்குக் காரணமென்பது மிகையாகும். ஹவாய்த் தலைவனைப் பணயமாகப் பிடிக்க முயன்ற குக்கின் செயலும் காரணமாயிற்று. ஆயினும் அந்த மரம் உறுதியாக இருந்திருப்பின் கப்பல் அக்கரைக்கு அவ்வேளை திரும்பியிராது.

இவற்றிலிருந்து பெறப்படுவது யாது? முன்னேற்பாடு என்பது பண்டங்களின் தொகையன்று. அன்சனின் கப்பல்களிலும் பண்டம் இருந்தது. பதிவேட்டில் ஆளும் இருந்தனர். குறைந்திருந்தது, அந்த ஆட்கள் உயிருடன் திரும்பவேண்டியவர்கள் என்ற எண்ணமே. குக்கின் முதலிரு பயணங்களிலும் அவ்வெண்ணம் இருந்தது. அதனால் அறிவு குறைவாயிருந்தும் உயிர்கள் காக்கப்பட்டன. மூன்றாம் பயணமோ, ஒருமுறை பெற்ற திறமை அடுத்த முறைக்குத் தானாகவே உதவுவதில்லை என்பதை உணர்த்துகிறது. ஆகவே ஒரு பயணத்தின் பெருமையை அளக்க விரும்பும் வரலாற்று மாணவன், அது கொண்டுவந்த பொருளையும் வரைந்த படத்தையும் பார்க்குமுன், துறைமுகத்தில் எழுதப்பட்ட பெயர்ப்பட்டியலை எடுத்து, அதிற் பெயருள்ளோரை யார் எவ்வாறு எண்ணினர் என்று கேட்பது தகும்.