ஆயா பார்த்த திருவிளையாடல்

நான் சொல்லச் சொல்ல என் பேத்தி இதைத் தட்டச்சு செய்கிறாள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

1970-களில் வானொலியில் 'ஒலிச்சித்திரம்' வைப்பார்கள். ஒரு முழுத் திரைப்படத்தின் வசனத்தையும் பாட்டையும் சுருக்கி ஒலிபரப்புவார்கள். படமே இல்லாத சினிமா! கவரைப்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் தெருவே கூடிவிடும். நடுவில் என் ஆயா உட்கார்ந்திருப்பார். அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது.

1965-இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த 'திருவிளையாடல்' ஒருநாள் ஒலித்தது. தருமி தனியாகப் புலம்பும் இடத்தில், "பாவம், ஒல்லியான ஆளுடா, சோறு தின்னு நாலு நாள் ஆயிருக்கும்" என்றார் ஆயா. நாகேஷை அவர் பார்த்ததே இல்லை. கூடூர் பக்கம் போகிற ரயில் கடக்கும்போது வசனம் எங்கள் காதில் விழாது. விட்டுப்போன இடத்தை ஆயாதான் இட்டுக்கட்டிச் சொல்வார். பிறகு பொன்னேரியில் கொட்டகையில் அதே படத்தைப் பார்த்தேன். ஆயா காட்டிய மதுரை இன்னும் பெரிதாக இருந்தது.

அதே காலத்தில், 1972-இல், வங்காளத்தில் சத்யஜித் ராய் 'தி இன்னர் ஐ' என்ற சிறிய ஆவணப்படத்தை எடுத்தார். 'அகக்கண்' என்று சொல்லலாம். அது பினோத் பிஹாரி முகர்ஜி என்ற ஓவியரைப் பற்றியது. 1904-இல் பிறந்த அவருக்குப் பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றொன்றில் கடுமையான கிட்டப்பார்வை. அந்த ஒரு கண்ணை வைத்துக்கொண்டு சாந்திநிகேதன் இந்தி பவனின் சுவர்களில் இடைக்காலத்து பக்தர்களைப் பெரிய ஓவியமாகத் தீட்டினார். ஐம்பது வயதைத் தாண்டியபின் நடந்த ஓர் அறுவை சிகிச்சை பலிக்காமல் அந்தக் கண்ணும் போயிற்று.

அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. காகிதத்தை மடித்தும் வெட்டியும் உருவங்கள் செய்தார். மெழுகில் சிற்பம் செய்தார். 1972-இல், பார்வையே இல்லாமல், கலா பவனுக்கு ஓடுகளால் ஒரு சுவர்ச் சித்திரம் அமைத்தார். பார்வை போனதை ஒரு புதிய அனுபவமாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

ஒரு வாத்தியாராக எனக்கு நெஞ்சைத் தொட்ட செய்தி இன்னொன்று. 1940-களின் தொடக்கத்தில் கலா பவனில் ராய், இவரிடம் படித்த மாணவர். பிற்காலத்தில் தன் ஆசிரியரைப் படமெடுத்து, விவரணையையும் தானே எழுதித் தன் குரலிலேயே பேசினார். ஒரு மாணவன் இதைவிட என்ன செய்துவிட முடியும்?

பார்ப்பதில் பாதி வேலை கண்ணுடையது, மீதி மனதுடையது. ஆயா திண்ணையில் செய்ததும் பினோத் பிஹாரி சாந்திநிகேதனில் செய்ததும் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். எனக்குக் கண் நீர் அழுத்த நோய், கிளாக்கோமா. வலியே இல்லை. நேர் எதிரே இருப்பது தெரிகிறது. ஓரங்கள் மெல்ல மெல்ல மறைந்துவிட்டன. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து விடுகிறேன். ஆயாவுக்கும் ஓரத்திலிருந்துதான் பார்வை குறைந்ததாம். "வயசானா அப்படித்தான்" என்று வீட்டில் விட்டுவிட்டார்கள்.

இது குடும்ப வழியாக வரக்கூடியது. ஆகவே உறவுகளே, நாற்பதைத் தாண்டியவர்கள் இந்த மாதமே கண் அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் போகும் என் பிள்ளைகளே, லீவு இல்லை என்று தள்ளிப்போடாதீர்கள். வகுப்பில் வீட்டுப்பாடம் கேட்பதுபோல் ஒவ்வொருவரிடமும் கேட்பேன்.

எனக்காக வருத்தப்பட வேண்டாம். பேத்தி இப்போதெல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்து படத்தில் நடப்பதைச் சொல்கிறாள். ஆயா அளவுக்கு இன்னும் தேறவில்லை. பழகிக்கொள்வாள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்