வாணவேடிக்கையும் வன்னி மண்ணும்

தீபாவளி, புத்தாண்டு, ஆலயத் திருவிழா என மகிழ்ச்சியான தருணங்களில் வானத்தை வண்ணமயமாக்கும் வாணவேடிக்கை இன்று உலக மக்கள் அனைவருக்கும் பொதுவானதொரு களிப்பாகிவிட்டது. அதன் வரலாற்றையும் நுட்பத்தையும் அறிந்துகொள்வதோடு, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலப்பரப்பில் அது எவ்வாறு அமைய வேண்டும் என்பதையும் நோக்குவது பொருத்தமெனக் கருதுகின்றோம்.

வெடிமருந்து சீனாவில் தாங் வம்சத்தினரின் ஆட்சியில், கி.பி. 9ஆம் நூற்றாண்டளவில் கண்டறியப்பட்டது. வெடியுப்பு 75 பங்கு, மரக்கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு என்பதே பிற்காலத்தில் நிலைபெற்ற அதன் கலவையாகும். அதற்கு முன்னரே மூங்கிலை நெருப்பிலிட்டு வெடிக்கச் செய்யும் வழக்கம் சீனரிடம் இருந்தது. இந்த அறிவு மேற்கு நோக்கிப் பரவியதில் முஸ்லிம் அறிஞர்களுக்குப் பெரும் பங்குண்டு. அரபு மக்கள் வெடியுப்பைச் 'சீனத்துப் பனி' என அழைத்தனர். 13ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஹஸன் அல் ரம்மாஹ், வெடியுப்பைத் தூய்மையாக்கும் முறையையும் பல்வகை வாணங்களைச் செய்யும் முறைகளையும் எழுதிவைத்தார்.

நெடுங்காலம் வாணங்கள் மஞ்சளும் செம்மஞ்சளுமாகவே எரிந்தன. 1830களில் இத்தாலியர் பொட்டாசியம் குளோரேட்டையும் உலோக உப்புக்களையும் சேர்த்த பின்னரே இன்று நாம் காணும் நிறங்கள் தோன்றின. ஸ்ட்ரொன்சியம் சிவப்பையும், பேரியம் பச்சையையும், செம்பு நீலத்தையும், சோடியம் மஞ்சளையும் தருகின்றன.

அரசுகள் தம் வலிமையையும் செல்வத்தையும் காட்டுவதற்கு வாணவேடிக்கையைப் பயன்படுத்தி வந்துள்ளன. ஐரோப்பியப் போரொன்றை முடிவுக்குக் கொண்டுவந்த சமாதான உடன்படிக்கையைக் கொண்டாட 1749 ஏப்ரலில் லண்டனில் நடத்தப்பட்ட பெருங்காட்சிக்கு இசைமேதை ஹான்டெல் இசையமைத்தார். அக்காட்சியின்போது மேடை மண்டபத்தின் ஒரு பகுதியே தீப்பற்றி எரிந்தது. 2014 புத்தாண்டு இரவில் டுபாய் ஆறே நிமிடங்களில் 479,651 வாணங்களை ஏவி உலக சாதனை படைத்தது. 2016 புத்தாண்டில் பிலிப்பைன்ஸ் 810,904 வாணங்களுடன் அதனை விஞ்சியது.

எனினும் நம்மவர் கருத்தில் கொள்ள வேண்டிய காட்சி ஜப்பானின் நாகஓகா நகரிலே நடைபெறுகின்றது. 1945 ஆகஸ்ட் 1ஆம் திகதி இரவு 10.30 மணியளவில் அமெரிக்க விமானங்கள் அந்நகர் மீது குண்டுமாரி பொழிந்தன. 1,480க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்; நகரின் பெரும்பகுதி சாம்பலானது. இன்று ஆண்டுதோறும் ஆகஸ்ட் 2ஆம் 3ஆம் திகதிகளில் அங்கே மாபெரும் வாணவேடிக்கை நிகழ்கின்றது. அதற்கு முந்திய இரவில், குண்டு விழத் தொடங்கிய அதே நேரத்தில், 'வெண் செவ்வந்தி' எனப்படும் வெண்ணிற வாணங்கள் மாத்திரம் இறந்தோர் நினைவாக ஏற்றப்படுகின்றன. அவற்றை உருவாக்கிய கலைஞர், போரின் பின் சைபீரியாவில் கைதியாக இருந்து திரும்பியவராவார். குண்டு விழுந்த வானத்தையே அஞ்சலிக்குரிய வானமாக மாற்றிய நகரம் அது.

வன்னி மக்களுக்கும் வானத்திலிருந்து வந்த ஓசை வெறும் ஓசையல்ல. கிபிர் விமானத்தின் இரைச்சலையும் எறிகணையின் கூவலையும் கேட்டுப் பதுங்கு குழிக்குள் ஓடியே வளர்ந்த ஒரு தலைமுறை இங்குண்டு. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிவுற்ற போரில் பெற்றோரையும் பிள்ளைகளையும் அவயவங்களையும் இழந்தோர் ஒவ்வொரு கிராமத்திலும் வாழ்கின்றனர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, நீண்டகாலத்தின் பின் முல்லைத்தீவின் நீராவிப்பிட்டி போன்ற இடங்களுக்குத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களுக்கும் அச்சத்தின் நினைவுகள் உண்டு. முன்னறிவித்தல் இன்றி நள்ளிரவில் வெடிக்கும் ஒரு வெடி, அயல்வீட்டுப் பிள்ளைக்கு விளையாட்டாகவும் அடுத்த வீட்டுத் தாய்க்குப் பழைய இரவாகவும் அமைந்துவிடுகின்றது.

வன்னியில் வெடிக்கு வேறொரு முகமும் உண்டு. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், துணுக்காய் போன்ற பகுதிகளில் வயலைக் காக்கும் விவசாயிக்கு வனசீவராசிகள் திணைக்களம் வழங்கும் யானை வெடி அவசியத் தேவையாகும். அதனை எவரும் குறைகூற முடியாது. ஆயினும் ஊருக்குள் காரணமின்றி நாள்தோறும் வெடியோசை கேட்குமாயின் யானைகள் அதற்குப் பழகிவிடும். காவல் வெடியின் பயனும் குன்றிவிடும். உணவுக்குள் மறைத்து வைக்கப்படும் பன்றி வெடியோ முற்றிலும் வேறானது. வாய் சிதைந்து பட்டினியால் மடியும் யானைக் கன்றுகளின் சாவுக்கு அதுவே காரணமாகின்றது. அது சட்டவிரோதமானது என்பதோடு, வழியிற் கண்டெடுக்கும் சிறுவர்களுக்கும் ஆபத்தானது. போர் முடிந்து 15 ஆண்டுகளின் பின்னரும் முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் பணி தொடர்ந்ததை நோக்கும்போது, 'இனந்தெரியாத பொருளைத் தொடாதே' என்ற பாடம் வன்னிச் சிறுவர்க்கு எவ்வளவு இன்றியமையாதது என்பது புலனாகும்.

விபத்துக்களையும் மறந்துவிடலாகாது. 2000ஆம் ஆண்டு மே மாதம் நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் வாணக் களஞ்சியம் வெடித்து 23 பேர் மாண்டனர். 2016 ஏப்ரலில் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்துப் புற்றிங்கல் ஆலயத்தில் நிகழ்ந்த வெடி விபத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பலியாகினர். பட்டாசுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற நமது கிம்புலாப்பிட்டியவும் தமிழகத்தின் சிவகாசியும் இத்தகைய துயரங்களைக் கண்டவையே.

அவ்வாறாயின் வாணவேடிக்கையே வேண்டாமா? அவ்வாறு நாம் கூறவில்லை. துயரத்தைச் சுமந்த மக்களுக்கே மகிழ்ச்சி அதிகம் உரியது. நாம் வேண்டுவது ஓசையைக் குறைத்து ஒளியைப் பெருக்குவதையே. இத்தாலியின் கொலெக்கியோ நகரம் 2015இல் ஓசை குறைந்த வாணங்களையே பயன்படுத்த வேண்டுமென விதித்தது. ஈக்குவடோருக்குச் சொந்தமான கலபாகஸ் தீவுகள் 2018இல் ஓசையெழுப்பும் வாணங்களைத் தடைசெய்து, ஒளி வாணங்களுக்கு மாத்திரம் இடமளித்தன. இந்தியாவில் 4 மீற்றர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டும் பட்டாசுகளுக்குத் தடையுண்டு. 2018 ஒக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம் தீபாவளி வெடிகளை இரவு 8 முதல் 10 மணி வரையெனக் கட்டுப்படுத்தியது.

நமது நாட்டிலும் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம் உள்ளது. ஆனால் சட்டத்தை விட ஊர்வழக்கே விரைவாகப் பயன்தரும். ஆலய பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் தேவாலயங்களும் விளையாட்டுக் கழகங்களும் ஒன்றுகூடிச் சில முடிவுகளை எடுக்கலாம். வாணவேடிக்கை நடைபெறும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே ஒலிபெருக்கியில் அறிவிக்கலாம். வீட்டுக்கு வீடு வெடிப்பதை விடுத்து ஊருக்கு ஒரு திறந்த வெளியில், பயிற்சி பெற்றவரைக் கொண்டு, இரவு 10 மணிக்கு முன்னர் நடத்தலாம். வைத்தியசாலைக்கும் காட்டோரத்துக்கும் அண்மையில் தவிர்க்கலாம். வீண்விரயத்தை நமது சமயங்கள் எவையும் போற்றுவதில்லை என்பதால், மிஞ்சும் பணத்தை ஏழை மாணவர் கல்விக்கு வழங்கலாம்.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலில் கடல்நீரில் விளக்கெரியும் காட்சியைக் காண ஆண்டுதோறும் பல்லாயிரவர் கூடுகின்றனர். அங்கே அவர்களை ஈர்ப்பது ஓசையன்று, சுடரே. வன்னியின் வானமும் அவ்வாறே ஒளிரட்டும். அதனைக் கண்டு எந்தத் தாயும் திடுக்கிட்டு விழிக்காதிருக்கட்டும் என்பதே நமது அவா.