தனித்து வாழத் தெரியாத வைரஸ்

1965-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் அட்சிசனும் அவருடைய சகாக்களும் குரங்கின் அடினோவைரஸ் ஒன்றை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். படத்தில் அடினோவைரஸ்கள் பெரிய உருண்டைகளாகத் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே, அவற்றின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத பொடித் துகள்கள் இறைந்து கிடந்தன. மாதிரியில் கலந்துவிட்ட கசடு என்று விட்டிருக்கலாம். அவர்கள் விடவில்லை. துகள்களைத் தனியே பிரித்துச் செல்களில் இட்டுப் பார்த்தார்கள். எதுவும் நடக்கவில்லை. அடினோவைரஸையும் கூடவே சேர்த்தபோதுதான் அவை பெருகின. இன்னொரு வைரஸின் தயவில்லாமல் பெருகத் தெரியாத அந்த வைரஸுக்கு, அடினோவைரஸைச் சார்ந்தது என்ற பொருளிலேயே பெயர் அமைந்தது. சுருக்கமாக, ஏஏவி.

இரண்டே ஆண்டுகளில் மனிதர்களிடமும் ஏஏவி இருப்பது தெரியவந்தது. நம்மில் பலருடைய ரத்தத்தில் அதற்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருக்கின்றன. எப்போதோ நமக்குள் வந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அதனால் இன்ன நோய் வருகிறது என்று யாராலும் காட்ட முடியவில்லை. நோய் தராத வைரஸுக்கு மருந்து தேட வேண்டாம், தடுப்பூசியும் வேண்டாம். மருத்துவ உலகம் அதைத் திரும்பிப் பார்க்கக் காரணமே இருக்கவில்லை.

ஆனாலும் சிலர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கென்னத் பெர்ன்ஸ், ஜேம்ஸ் ரோஸ் போன்றவர்கள் அதன் டிஎன்ஏவைப் பிரித்துப் படித்தார்கள். குறுக்களவு சுமார் 25 நானோமீட்டர். உள்ளே ஒற்றை இழை டிஎன்ஏ, அதில் சுமார் 4,700 எழுத்துகள், இரண்டே மரபணுக்கள். ஒன்று டிஎன்ஏவைப் படியெடுக்க, மற்றொன்று மேல்கூட்டைக் கட்ட. இழையின் இரு முனைகளிலும் கொண்டை ஊசிபோல மடங்கிய ஒரு பகுதி. மனிதனின் மரபணுத் தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள் என்பதை நினைத்தால், ஓர் உயிரி இதைவிடச் சிக்கனமாக எப்படி வாழும் என்று வியக்கத் தோன்றுகிறது.

1982-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் சமுல்ஸ்கி, பெர்ன்ஸ், நிக்கலஸ் முஸிச்கா உள்ளிட்ட குழு ஏஏவியின் முழு டிஎன்ஏவையும், பாக்டீரியாவில் இருக்கும் பிளாஸ்மிட் என்னும் டிஎன்ஏ வளையத்தில் ஏற்றியது. அதன்பிறகு வைரஸின் எழுத்துகளை விருப்பம்போல வெட்டலாம், ஒட்டலாம் என்றாயிற்று. 1984-இல் பால் ஹெர்மோனட்டும் முஸிச்காவும் அதன் கூட்டைக் கட்டும் மரபணுவை நீக்கிவிட்டு, வேறொரு மரபணுவை வைத்துச் செல்களுக்குள் அனுப்பிக் காட்டினார்கள். பிறகு வைரஸின் இரண்டு மரபணுக்களையுமே எடுத்துவிட முடிந்தது. முனையிலுள்ள மடிப்புகள் இரண்டும் மேல்கூடும் போதும். நடுவில் எந்த மரபணுவை வைத்தாலும் கூடு அதைச் சுமந்துசென்றது. உமியை வைத்துக்கொண்டு அரிசியை மாற்றிய கதைதான்.

அதன் இயலாமையே இங்கே வரமானது. செல்லுக்குள் நுழைந்து, உட்கருவில் மரபணுவை இறக்கியதோடு அதன் வேலை முடிந்தது. பெருகாது, பரவாது. இறக்கிய டிஎன்ஏ பெரும்பாலும் குரோமோசோமுக்குள் புகாமல், பக்கத்திலேயே வளையமாகத் தங்கிவிடுகிறது. நரம்புச் செல்லைப் போலப் பிரிந்து பெருகாத செல்லாக இருந்தால் ஆண்டுக்கணக்கில் அங்கேயே வேலை செய்யும்.

இப்படி மரபணுவைச் செலுத்தி நோய் தீர்க்க முயலும் மரபணு சிகிச்சைத் துறையே 1999 செப்டம்பரில் நிலைகுலைந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பரிசோதனையில் பங்கேற்ற 18 வயது ஜெஸ்ஸி கெல்சிங்கர் உயிரிழந்தார். அவருக்குச் செலுத்தப்பட்டது அடினோவைரஸில் ஏற்றிய மரபணு. அதை அவருடைய உடல் கடுமையாக எதிர்த்தது. பல ஆய்வுகள் நின்றன. பின்னர் அதே பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் வில்சனின் ஆய்வகம் சாதுவான ஏஏவியின் உறவினர்களைத் தேடிப் போனது. 2002-இல் குரங்குகளிடமிருந்து ஏஏவி-8 கிடைத்தது; அது கல்லீரலை நன்றாகப் பற்றியது. 2004-இல் மனிதத் திசுக்களிலிருந்து ஏஏவி-9 வெளிவந்தது. ரத்தத்தில் செலுத்தினால் அது மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போய்ச் சேர்கிறது என்பது சில ஆண்டுகளில் தெரிந்தது.

மரபணுக் குறைபாட்டால் பிறவியிலேயே பார்வை இழந்த பிரியார்ட் இன நாய்களுக்கு ஏஏவி வழியாகப் பார்வை கிடைத்த செய்தி 2001-இல் வெளிவந்தது. அதே மரபணுக் குறைபாடுள்ள மனிதர்களுக்கான கண் மருந்துக்கு 2017 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் ஜெர்ரி மெண்டெல் குழு 15 பச்சைக் குழந்தைகளுக்கு ஏஏவி-9-இல் ஏற்றிய மரபணுவைச் செலுத்தியது. எஸ்எம்ஏ என்னும் தண்டுவடத் தசைச் சிதைவு நோயின் கொடிய வகை பீடித்த குழந்தைகள் அவர்கள். சிகிச்சை இல்லாவிட்டால் அந்த நோய் வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு வயதுக்குள் இறந்துவிடுவார்கள், அல்லது செயற்கைச் சுவாசத்தில் கிடப்பார்கள். 2017-இல் முடிவு வெளியானபோது, 20 மாத வயதில் 15 பேரும் செயற்கைச் சுவாசத்தின் துணையின்றி உயிரோடு இருந்தார்கள். கூடுதல் அளவு மருந்து பெற்ற 12 பேரில் 11 பேர் தாமாக உட்கார்ந்தார்கள். இருவர் நடந்தார்கள். 2019 மே மாதம் அந்த மருந்து சோல்ஜென்ஸ்மா என்ற பெயரில் சந்தைக்கு வந்தது.

ஏஏவியை மருந்தாக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். வளர்ப்புச் செல்களுக்குள் மூன்று பிளாஸ்மிடுகளைச் செலுத்துகிறார்கள். ஒன்றில் நோயாளிக்கு வேண்டிய மரபணு. இன்னொன்றில் ஏஏவியின் இரண்டு மரபணுக்கள். மூன்றாவதில் அடினோவைரஸ் வழக்கமாகச் செய்யும் உதவிக்கான மரபணுக்கள். செல்கள் கூட்டைக் கட்டி, மரபணுவை அதற்குள் அடைக்கின்றன. பிறகு செல்களை உடைத்து, காலிக் கூடுகளைக் கழித்து, நிறைந்தவற்றைச் சேர்க்க வேண்டும். எஸ்எம்ஏ குழந்தைக்கு, ஒரு கிலோ எடைக்கு ஒரு கோடிக் கோடிக்கும் மேலான துகள்கள் தேவை. ஐந்து கிலோ குழந்தைக்கு அது ஏறத்தாழ 27 மில்லி திரவம். உறைந்த நிலையில் வந்து, உருகியபின் 14 நாட்களுக்குள் பயன்பட்டாக வேண்டும். மருந்து ஏற்றுவதற்கு முந்தைய நாளே ஸ்டீராய்டு தொடங்குகிறார்கள். பிறகு நரம்பு வழியாக ஒரு மணி நேரம் மெல்ல ஏற்றுகிறார்கள். வாழ்நாளுக்கு ஒரே முறைதான்: அதன்பின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள்கள் இரண்டாம் முறை அந்த வைரஸை உள்ளே விடாது.

இதற்கும் எல்லைகள் உண்டு. சிறிய கூட்டுக்குள் பெரிய மரபணு அடங்காது. பேரளவு மருந்து கல்லீரலைத் தாக்கலாம். சோல்ஜென்ஸ்மா பெற்ற இரண்டு குழந்தைகள் கல்லீரல் செயலிழந்து இறந்த செய்தி 2022-இல் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே விலை. ஒரு குழந்தைக்கு 21 லட்சம் டாலர் என்று அறிவித்தார்கள். நம் ஊரில் அது 16 கோடி ரூபாய் என்ற எண்ணாக வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டிலும் பெற்றோர்கள் கைக்குழந்தையின் படத்தைப் போட்டு, முகம் தெரியாதவர்களிடம் நூறும் ஐந்நூறுமாகக் கேட்க வேண்டியிருந்தது. நோய் வயதோடு போட்டி போடுகிறது; பணம் சேரும் வேகத்துக்கு அது காத்திருக்காது.

வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழு செய்த பணி எனக்கு நம்பிக்கை தருகிறது. ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா-ஏ நோய்க்கான மரபணு நீளமானது. அதை லென்டிவைரஸ் என்னும் வேறொரு கடத்தியில் ஏற்றி, நோயாளியின் சொந்தக் குருத்தணுக்களில் சேர்த்து, மீண்டும் அவருக்கே செலுத்தினார்கள். ஐந்து பேருக்குச் சிகிச்சை; கண்காணித்த காலத்தில் ஐவருக்குமே ரத்தக்கசிவு இல்லை என்ற முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. மரபணு சிகிச்சையை நம் மண்ணிலேயே திறம்பட நடத்த முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஏஏவி மருந்தாவதற்கு முன்பு பல ஆண்டுகள் அதை வளர்த்தெடுத்ததில் பொதுப்பணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. உடனடிப் பயனைக் கேட்காமல் ஆராய்ச்சிக்கு இடம் கொடுத்த சமூகம், பயன் கிடைத்தபின் வாசலில் நின்று கையேந்துவது நியாயமில்லை. கடத்தி வைரஸ்களை நாமே செய்யும் ஆலைகளும், அரிய நோய்களுக்கு அரசு ஏற்கும் செலவும், பிறந்தவுடனே எஸ்எம்ஏவைக் கண்டறியும் பரிசோதனையும் வந்தாக வேண்டும். 1965-இல் தொடங்கிய பயணம் பெரும்பகுதியைக் கடந்துவிட்டது. எஞ்சிய தூரம் ஆய்வகத்தில் மட்டும் இல்லை. நிதிநிலை அறிக்கையிலும் இருக்கிறது.