மதர்போர்டு வாங்குகிறீர்களா? பெட்டியில் பூட்டும் முன் சோதியுங்கள்

சுங்கை வே – 1970களில் தொடங்கிய இங்குள்ள தடையற்ற வர்த்தக மண்டலத்தில், தோட்டங்களிலிருந்து வந்த நம் பெண்கள் பலர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தனர். முதலில் கண்ணால் சோதிப்பது, பிறகு மின்சாரம் கொடுத்துச் சோதிப்பது என்பது அவர்களுக்குப் பழகிய முறை. ஆயிரம் வெள்ளியைத் தாண்டும் மதர்போர்டுக்கும் அதே வரிசைதான்.

வண்ண விளக்குகள் விலையைத்தான் கூட்டும், வேகத்தை அல்ல. பார்க்க வேண்டியது பிராசசர் அமரும் சாக்கெட். இன்டெல்லின் எல்ஜிஏ 1700 வகையில் 1,700 நுண்ணிய பின்கள். ஏஎம்டியின் ஏஎம்5 வகையில் 1,718. டார்ச் லைட்டைச் சாய்த்துப் பிடித்தால், வளைந்த பின் வரிசையிலிருந்து விலகித் தெரியும். ஒரே பின் வளைந்தாலும் ஒரு ரேம் இடம் செயல்படாமல் போகலாம். அதற்குப் பெரும்பாலும் உத்தரவாதமும் கிடைக்காது. ஆகவே, பணம் கொடுக்கும் முன்பே, கடையிலேயே பாருங்கள்.

அடுத்தது மின்சோதனை. மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே அதை வையுங்கள். பளபளக்கும் பையின் மேல் வைக்க வேண்டாம். அதன் வெளிப்புறத்தில் மின்சாரம் கடத்தும் பூச்சு இருக்கலாம். பிராசசர், அதன் கூலர், ஒரே ஒரு ரேம், பவர் சப்ளையின் 24 பின், 8 பின் இணைப்புகள் போதும். பிராசசரில் கிராபிக்ஸ் வசதி இல்லையென்றால் கிராபிக்ஸ் கார்டும் தேவை. பவர் சுவிட்சுக்கான இரு பின்களை ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டால் இயங்கத் தொடங்கும்.

திரை வரவில்லையா? சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என்ற சிறு விளக்குகளில் எது அணையாமல் நிற்கிறதோ, கோளாறை முதலில் அங்கே தேடுங்கள். திரை வந்தால் பயாஸில் ரேம் அளவையும் வெப்பத்தையும் பாருங்கள். பின்னர், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ரேமை ஒவ்வோர் இடமாக மாற்றிப் பொருத்திச் சோதியுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.